இரும்புக்கடை பீரோ

எங்கள் ஊரில் ஒரு நூலகம் இருக்கிறது. அங்கே ஒரு புத்தகத்தைக் கேட்டு வாங்க அதை எழுதியவர் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. புத்தகத்தின் பெயரும் தேவையில்லை. அதை யார் தானமாகக் கொடுத்தார் என்று தெரிந்தால் போதும். தெரியாவிட்டால் நீங்கள் எவ்வளவு பெரிய படிப்பாளியாக இருந்தாலும் மர பெஞ்சில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் உபயதாரர் பெயர் எழுதியிருக்கும். சுற்றும்போது படிக்க முடியாதே என்று எழுதியவருக்கும் தோன்றவில்லை, எழுதச் சொன்னவருக்கும் தோன்றவில்லை.

திண்டுக்கல் டவுனுக்குள் ஓர் அறக்கட்டளை நடத்துகிற நூலகம் அது. கீழ்த்தளத்தில் நாளிதழ் படிக்க வருகிறவர்கள், அதாவது வெயிலுக்கு ஒதுங்குகிறவர்கள். மாடியில் பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு நீள அறை. அதற்குச் சிறப்புத் தொகுப்பு என்று பெயர். கையெழுத்து நோட்டுகள், பழைய கடிதங்கள், இப்போது எங்கும் கிடைக்காத புத்தகங்கள் எல்லாம் உள்ளே இருப்பதாக வாசல் பலகை சொல்லும். அவற்றை யாராவது படிக்கலாமா என்பதைப் பற்றிப் பலகை வாய் திறக்காது.

நான் வடமதுரை ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். ஐம்பத்து மூன்று வயதில் முனைவர் பட்டத்துக்கு முண்டிக்கொண்டிருந்தேன். சாதாரண ஜனங்கள் அதிகாரிகளுக்கு எழுதிய மனுக்களைப் பற்றியது என் ஆய்வேடு. அதில் மூன்றாவது அத்தியாயம்தான் எனக்குப் பெருமை. அந்த அத்தியாயம் முழுக்க இரண்டு வாக்கியங்களின் மேல் நின்றது.

“என் மகன் என் தொழிலை வெளியில் சொல்லக் கூசுகிறான். ஆகவே அந்தக் கட்டத்தில் விவசாயம் என்றே போட்டுக்கொள்ள உத்தரவு தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

இந்த இரண்டு வாக்கியத்தையும் ஒரு பேராசிரியை பல வருஷங்களுக்கு முன்பு தன் கட்டுரையில் எடுத்துக் காட்டியிருந்தார். மனு எழுதிக்கொடுப்பவர் ஒருவரின் நோட்டில் கண்டது, திண்டுக்கல் நூலகம், சிறப்புத் தொகுப்பு என்று அடிக்குறிப்பு போட்டிருந்தார். அதற்கு மேல் ஒரு விவரமும் இல்லை. எழுதியவனுக்குப் பெயர் எதற்கு என்று அவர் நினைத்திருக்கலாம். நானும் கேட்கவில்லை. கூசுகிறான் என்ற சொல்லைப் பார்த்தவுடனே அந்தத் தகப்பனைத் தோல் ஷாப்புத் தொழிலாளியாக ஆக்கிவிட்டேன். எங்கள் ஊரில் கூசுவதற்கு வேறென்ன தொழில் இருக்கிறது என்று என் நினைப்பு. தோல் பதனிடும் இடத்தின் நாற்றம், சுண்ணாம்புத் தொட்டி, தகப்பன்களின் அடிமைப் புத்தி, மகன்களின் விழிப்பு என்று நாற்பது பக்கம் வெளுத்து வாங்கியிருந்தேன்.

ஆய்வேட்டைப் பார்த்த தேர்வாளர் ஒரு வரி எழுதி அனுப்பினார். இவர் தோல் ஷாப்புத் தொழிலாளி என்று உமக்கு எப்படித் தெரியும், மூல நோட்டைப் பார்த்து மனுவை முழுமையாகத் தருக. பல்கலைக்கழகம் கொடுத்திருந்த கடைசி நீட்டிப்பு இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். அதற்குள் பதில் கொடுக்காவிட்டால் என் பதிவு ரத்து. இத்தனை வருஷம் சனி ஞாயிறு இல்லாமல் உழைத்தது குப்பைக்குப் போகும். அதனால்தான் அந்த மாடிப்படி ஏறினேன்.

மேலே பொறுப்பாளராக ஒரு பெண் இருந்தார். நாற்பதைத் தாண்டியவர். கழுத்தில் சின்னச் சிலுவை கோத்த சங்கிலி, மேஜையில் டிபன் டப்பா, அதன் மேல் ஒரு பெரிய சாவிக்கொத்து. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

“யாரு குடுத்தது சார்?”

“எதும்மா?”

“நீங்க கேக்குற நோட்டு. யாரு உபயம்?”

“மனு எழுதுறவர் ஒருத்தரோட நோட்டு. அவர் பேர் எனக்குத் தெரியாது.”

“எழுதுனவரு யாரா வேணா இருக்கட்டும் சார். குடுத்தவரு பேரு சொன்னாத்தான எந்த பீரோன்னு தெரியும்?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதிவேட்டைக் காட்டச் சொன்னேன். காட்டினார். கெட்டி அட்டை போட்ட நீளப் பதிவேடு. முதல் கட்டம் உபயதாரர் பெயர், அடுத்தது அவர் தொழில், பிறகு தந்தவை. தந்தவை என்ற கட்டத்தில் ‘புத்தகங்கள் ஒரு பீரோ’ என்று எழுதியிருந்தது. அடுத்த வரியிலும் ‘ஒரு பீரோ’. அதற்கடுத்து ‘அரை பீரோ’. கடைசியாக எழுதியவர் பெயர், தொழில் என்று ஒடுக்கமாக இரண்டு கட்டம், தலைப்பில் ‘தெரிந்தால்’ என்று ஒரு சலுகை. அந்த இரண்டு கட்டமும் பக்கத்துக்குப் பக்கம் வெள்ளையாகவே கிடந்தன. உபயதாரர்களின் தொழில் மட்டும் விடாமல் எழுதப்பட்டிருந்தது. முக்கால்வாசிப் பேருக்கு விவசாயம். நூற்பாலை நடத்தியவருக்கும் விவசாயம், மூன்று வீதியில் நகைக்கடை வைத்திருந்தவருக்கும் விவசாயம்.

அறையைச் சுற்றிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பீரோக்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு பித்தளைத் தகடு, உபயம் என்று தொடங்கிப் பட்டம், பதவி, ஊர், தெரு வரைக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை. கோயிலில் டியூப்லைட்டின் மேல் பெயர் எழுதி வெளிச்சத்தை மறைப்பவர்கள் நாங்கள். அறிவையும் அதே மாதிரி நடத்துகிறோம்.

விண்ணப்பம் மூன்று நகல் கொடுக்க வேண்டும். கூடவே இரண்டு போட்டோ, ஆதார் நகல், கல்லூரி முதல்வர் கடிதம், நெறியாளர் கடிதம். எல்லாவற்றின் மேலும் அறக்கட்டளைச் செயலாளரின் கையெழுத்து. பென்சிலும் வெள்ளைத்தாளும் தவிர எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. செல்போனைக் கீழேயே கொடுத்துவிட வேண்டும். வியாழக்கிழமை மட்டும்தான் திறப்பார்கள், அதிலும் ஒரு நாளைக்கு இரண்டு உபயதாரர்களின் பீரோதான். ஏன் இரண்டு என்று கேட்டேன். “மூணாவது பூட்டு திறக்க எனக்குக் கையில தெம்பு இல்ல சார்,” என்றார். அந்த விதிமுறையில் எனக்குப் புரிந்த ஒரே காரணம் அதுதான்.

செயலாளரைப் பிடிக்க ஒரு வாரம் ஆனது. அவர் எப்போதும் யாருக்காவது காதுகுத்தில் இருந்தார். பிடித்தபோது அவர் பின்னால் சுவர் முழுக்கப் போட்டோக்கள், எல்லாவற்றிலும் அவர் யாருக்கோ பொன்னாடை போர்த்துகிறார் அல்லது யாரோ அவருக்குப் போர்த்துகிறார்கள். என் விண்ணப்பத்தை அவர் படிக்கவில்லை. என்னைப் படித்தார்.

“சொந்த ஊரு?”

“டவுன்தான் சார்.”

“பூர்வீகம்?”

“தாடிக்கொம்பு.”

“அப்பா என்ன செஞ்சாரு?”

“விவசாயம்.”

“அப்படிச் சொல்லுங்க,” என்று முகம் மலர்ந்து, ஓரத்தில் ‘விவசாயக் குடும்பம்’ என்று குறித்து, மூன்று நகலிலும் கையெழுத்துப் போட்டார். எங்கள் ஊரில் ஆளை எந்தத் தட்டில் வைப்பது என்று தெரியாமல் பேனா மூடிகூடத் திறக்காது.

நான் சொன்னது பொய். தாடிக்கொம்பில் பெயருக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது, அதை வேறு யாரோ உழுதார்கள். என் அப்பா தாலுகா ஆபீஸ் வாசலில், வேப்பமரத்துக்குக் கீழே, ஒரு தகரப் பெட்டியை மேஜையாகப் போட்டு மனு எழுதிக்கொடுத்தவர். நான் பள்ளிக்கூடம் போகிற வழி அது. கூட வரும் பையன்கள் பார்ப்பார்களே என்று கோட்டை பக்கமாகச் சுற்றிப் போவேன். பட்டா கேட்பவனிடமும் பென்ஷன் கேட்பவளிடமும் அவர் குனிந்து குனிந்து கேட்டு எழுதுவது எனக்குப் பிச்சையெடுப்பது மாதிரி தெரிந்தது. அந்த மரத்தடிக்கு வரக் கூடாது என்பதற்காகவே படித்தேன் என்று சொன்னால் மிகையில்லை. விவசாயம் என்ற சொல் எனக்கு அப்போதே பழகிவிட்டது. இப்போது யார் கேட்டாலும் யோசிக்காமல் வரும்.

முதல் வியாழக்கிழமை பொறுப்பாளர் ஒரு யோசனை சொன்னார்.

“சார், கையெழுத்து நோட்டுன்னா இரும்புக்கடை பீரோவ முதல்ல பாத்துருங்க. அம்புட்டும் அதுலதான் கெடக்கு.”

கோடியில் ஒரு பச்சை பீரோ நின்றது. இடது பக்கம் நசுங்கியது, ஒரு கால் இல்லாமல் செங்கல் வைத்திருந்தது. பித்தளைத் தகடு கிடையாது. ‘உபயம் பழைய இரும்புக்கடை’ என்று பெயின்டால் எழுதியிருந்தது, அதுவும் கோணலாக. எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய பேப்பர், பாட்டில் எடுக்கிறவனுக்கு இங்கே ஒரு பீரோ, சிறப்புத் தொகுப்பில். ஆராய்ச்சி எப்படிச் செய்வது என்று எனக்கு ஒரு சாவிக்கொத்து பாடம் எடுக்கிறது.

“நான் முறையாப் பாத்துக்கிறேம்மா,” என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு நூற்பாலைக்காரர் பீரோவைத் திறந்தார்.

மதிப்புள்ள பொருள் மதிப்புள்ளவர்களிடம்தான் இருக்கும் என்று நான் நம்பினேன். ஆகவே பித்தளைத் தகடுகளின் வரிசைப்படி போனேன். நூற்பாலைக்காரர் பீரோவில் அவருடைய மணிவிழா மலர், ஒரே மலரில் எழுபதோ எண்பதோ பிரதி. டாக்டர் பீரோவில் மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த டைரிகள், ஒன்றில்கூட ஒரு வரி எழுதவில்லை. வக்கீல் பீரோவைக் கரையான் ஏற்கெனவே முழுவதும் படித்து முடித்திருந்தது. நகைக்கடைக்காரர் கல்யாணத்தில் வாசித்துக் கொடுத்த வாழ்த்து மடல்கள் கண்ணாடிச் சட்டத்தோடு அடுக்கியிருந்தன. ஒரு தலைமையாசிரியர் தனக்கு வந்த பொங்கல் வாழ்த்து அட்டைகளை எல்லாம் பைண்டு செய்து இரண்டு தொகுதியாகக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு வியாழனும் இந்தக் குப்பையைப் பென்சிலும் கையுமாகப் புரட்டிவிட்டு, தும்மிக்கொண்டே பஸ் ஏறினேன். எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லோரையும் வரிசையாக வெறுத்தேன். வெறுப்பதற்கு அவர்கள் போதுமான காரணம் கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது.

ஒவ்வொரு வாரமும் அந்தப் பெண் பச்சை பீரோவைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். நான் அடுத்த தகட்டைக் காட்டுவேன்.

ஏழாவது வியாழன் பித்தளைத் தகடுகள் தீர்ந்துபோயின. நீட்டிப்பு முடிய எட்டு நாள் இருந்தது. “சரி, அந்த இரும்புக்கடையைத் திறங்க,” என்றேன், ஏதோ அவருக்குச் சலுகை செய்கிற மாதிரி.

பூட்டு மக்கர் செய்தது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே அவர் பேசினார்.

“அந்தக் கடைக்காரரு எழுதப் படிக்கத் தெரியாதவரு சார். ஆனா கையால எழுதுன நோட்டு எது வந்தாலும் தனியா எடுத்து வச்சிருவாராம். அதுல பொட்டலம் மடிக்கக் கூடாது, எழுதுனவன் வயித்தெரிச்சல் நம்மள சும்மா விடாதுன்னு சொல்வாராம். சாகறதுக்கு முன்னாடி பீரோவோட கொண்டாந்து எறக்கிட்டுப் போனாரு. செக்ரட்டரி வேணாம்னுதான் சொன்னாரு. நாந்தான் மூலையில கெடக்கட்டும்னு வச்சேன்.”

கதவு திறந்தது. நோட்டுகள் சணல் கயிறு போட்டு அளவு வாரியாகக் கட்டி அடுக்கியிருந்தன. மளிகைக்கடைச் சிட்டை, யாரோ ஒரு பெண்ணின் கோலப் புள்ளி நோட்டு, நாடக வசனம். மூன்றாவது தட்டில் நீள நோட்டுகளாக ஒரு கட்டு. மேலே இருந்ததைப் பிரித்தேன்.

பக்கத்தின் இடது ஓரம் நான்கு விரல் அகலத்துக்கு மடித்து விடப்பட்டிருந்தது. அதிகாரி தன் குறிப்பை எழுத இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் மனுவைப் படிக்காமலே தள்ளிவிடுவான். இதை எனக்குச் சின்ன வயதில் சொன்னவர் ஒருவர்தான். மேலே ‘ஐயா அவர்கள் சமூகத்துக்கு’ என்று சாய்ந்த ஊதா எழுத்து, அதன் அடியில் ஸ்கேல் வைக்காமல் இழுத்த நேர்கோடு. கோடு அவ்வளவு நேராக வருவது எப்படி என்று நான் அவரைக் கேட்டிருக்கிறேன். என் அப்பாவின் கை அது. பார்த்த கணத்திலேயே தெரிந்துவிட்டது.

அவர் இறந்து பதினாறாம் நாள் காரியத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, பரணில் இருந்த இரண்டு சாக்குக் காகிதத்தை நான் பழைய பேப்பர் எடுக்கும் ஒரு தள்ளுவண்டிக்காரரிடம் தூக்கிக் கொடுத்தேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. “உள்ள என்னங்க இருக்கு?” என்று அவர் கேட்டார். “குப்பை” என்றேன்.

நோட்டைப் புரட்டினேன். எழுதிக்கொடுத்த மனுக்களுக்கு அவர் வைத்துக்கொண்ட நகல்கள். ஒவ்வொரு மனுவிலும் நான், நான் என்றே இருந்தது. ஒரு பக்கத்தில் நான் ஆத்தூர் வாய்க்காலில் தண்ணீர் வராத சம்சாரி. அடுத்த பக்கத்தில் நான் கணவனை இழந்து பென்ஷன் வராத பெண். இன்னொன்றில் நான் பாதை அடைபட்ட தெருவின் முப்பது குடும்பங்கள். கீழே இப்படிக்கு என்று ஒவ்வொருவர் பெயர். எழுதியவர் பெயர் மட்டும் அதுவரை எங்கும் இல்லை. அந்தப் பேராசிரியைக்குத் தெரியாமல் போனது இதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு அன்றோடு போய்விட்டது.

பாதி நோட்டு தாண்டியதும் அந்த மனு வந்தது. நான் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்த பள்ளியின் தலைமையாசிரியருக்கு எழுதியது.

“நான் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைத்து வருகிறேன். சேர்க்கைப் பாரத்தில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் அடியேன் அவ்வாறே எழுதியிருந்தேன். என் மகன் என் தொழிலை வெளியில் சொல்லக் கூசுகிறான். ஆகவே அந்தக் கட்டத்தில் விவசாயம் என்றே போட்டுக்கொள்ள உத்தரவு தரும்படி கேட்டுக்கொள்கிறேன். பையன் நன்றாகப் படிப்பான். நான் நேரில் வராததற்கு மன்னிக்கவும். வந்தால் அவனுக்குச் சங்கடம்.”

இப்படிக்கு என்ற இடத்தில் அவர் பெயர். அந்த நோட்டில் அவர் தனக்காக எழுதிய மனு அது ஒன்றுதான். அதுவும் எனக்காகத்தான்.

பள்ளி கிளார்க்கிடம் நான்தான் விவசாயம் என்று சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார். இந்த மனு எனக்கு முன்பே போய்ச் சேர்ந்தது தெரியாமல், என் சாமர்த்தியம் என்று நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அப்பா அந்தப் பள்ளி வாசலுக்கு வந்ததே இல்லை, அவருக்கு என் படிப்பில் அக்கறை இல்லை என்று வேறு அம்மாவிடம் புகார் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவது அத்தியாயம் அங்கேயே செத்தது. தோல் ஷாப்பும் இல்லை, சுண்ணாம்புத் தொட்டியும் இல்லை. அடிமைப் புத்தி என்று நான் நாற்பது பக்கம் கிழித்துத் தொங்கவிட்ட தகப்பன் எனக்குச் சோறு போட்டவர். விழிப்புற்ற மகன் என்று நான் மெச்சி எழுதிய கழுதை நான். இரண்டு மாதமாக இந்த ஊரில் பார்த்தவர்களை எல்லாம் கேவலமாக நினைத்தேன். அத்தனை பேரிலும் கேவலமானவன் யார் என்று தெரிந்துகொள்ளக் கடைசி பீரோ வரைக்கும் போக வேண்டியிருந்தது. கண்ணில் நீர் வந்தது. துடைக்கக் கைக்குட்டை கீழே பையில் இருந்தது, அதையும் வாங்கி வைத்துவிட்டார்கள்.

தேர்வாளர் மனுவை முழுமையாகக் கேட்டிருந்தார். படம் எடுக்க அனுமதி இல்லை. ஆகவே பென்சிலை எடுத்து உட்கார்ந்து எழுதினேன். என்னை அறியாமலே தாளின் இடது ஓரத்தை நான்கு விரல் மடித்திருந்தேன். ‘ஐயா அவர்கள் சமூகத்துக்கு’ என்று தொடங்கி ஒரு சொல் விடாமல் நகல் எடுத்தேன். என் கோடு கோணலாகத்தான் வந்தது.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பெண் பதிவேட்டை விரித்தார்.

“கெடச்சுருச்சா சார்? எழுதுனவரு யாருன்னு ஏதாச்சும் தெரிஞ்சுச்சா? ஆராய்ச்சி பண்றவக கண்டுபிடிச்சுச் சொன்னா இந்தக் கட்டத்த நெரப்பிருவேன்.”

அப்பாவின் பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு என் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தார். என் பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்தையும் தான் இப்போது எழுதிய பெயரின் முதல் எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அழுது சிவந்த என் முகத்தைப் பார்த்தார். ஏழு வாரத்தில் அவர் என்னை நிமிர்ந்து அப்படிப் பார்த்ததில்லை.

“உங்க வீட்டு நோட்டு எப்படி சார் இரும்புக்கடைக்குப் போச்சு?”

“நான்தான் எடைக்குப் போட்டேன்.”

அவர் ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேனாவை விரலால் உருட்டிவிட்டு, பேச்சை மாற்றுகிற மாதிரி அடுத்த கட்டத்துக்குப் போனார்.

“தொழில்னு ஒண்ணு இருக்கு சார். செக்ரட்டரி கிட்ட விவசாயம்னுதான சொல்லியிருக்கீக? இங்க எல்லாருக்கும் அதுதான் போட்டுருக்கு. அதையே போட்டுறவா?”

“வேண்டாம்,” என்றேன். “மனு எழுதுறவர்னு போடுங்க.”

அந்தச் சொல்லை வெளி ஆள் ஒருவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. என்ன சார் என்றார். இன்னொரு முறை சொன்னேன்.